புதுப்பிப்பு: புறநகருக்குக் குடிபோகுமுன் மருத்துவ ஏற்பாடுகள்

வீடு மாறியதும் குடும்ப மருத்துவரைத் தேடுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அதற்கு முன்பே, பழைய மருத்துவரிடம் ஒரு மாத மாத்திரையும் சீட்டும் வாங்கிவிடுங்கள். சீட்டில் மருந்தின் மூலப்பெயரும் மில்லிகிராம் அளவும் இருக்கட்டும்; பிராண்டு பெயர் ஊருக்கு ஊர் மாறும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் கொண்டுபோக வேண்டும். ஐஸ் கட்டியை ஒட்டி வைத்து உறைந்துபோனால், உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது.

இதைவிட முக்கியம்: 24 மணி நேரமும் சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனை எது என்று இப்போதே விசாரியுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஸ்கேன் எடுக்காமல் போட மாட்டார்கள். ஸ்கேன் இல்லாத சின்ன மருத்துவமனைக்குப் போய் அங்கிருந்து மாற்றுவதில்தான் பொன்னான நேரம் போய்விடுகிறது. போகும் வழியை நெரிசல் நேரத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.