அப்பாவின் இதயத்துக்கு ஐந்தாவது குளிசை: மாதம் 1,950 ரூபா பெறுமதியா?

திருக்கடலூரான்

அப்பாவுக்கு 67 வயது. நாற்பது வருடம் கடலுக்குப் போனவர், இப்போது வாசலில் இருந்து வலை பொத்துகிறார். இதயச் செயலிழப்பு என்றார்கள். எக்கோ ஸ்கேனில் ஈ.எஃப்., அதாவது ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு, 30 வீதம்தான். எனலாப்ரில், பிசோப்ரோலோல், ஸ்பைரோனோலாக்டோன், நீர் போகிற ஃப்ரூஸமைட் நாலும் கிளினிக்கில் சும்மா கிடைக்கின்றன. அப்படியிருந்தும் போன வருடம் இரண்டு தரம் மூச்சு முட்டி, ஐந்தைந்து நாள் வாட்டில் கிடந்தார். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும்.

இந்த முறை டபாகிளிஃப்ளோசின் 10 மில்லிகிராம் எழுதி, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தந்தார்கள். ஒன்று 65 ரூபா. இது சீனி வருத்தத்துக்கான குளிசை என்கிறான் கடைப் பெடியன். அப்பாவுக்குச் சீனி இல்லை. நான் போட் எஞ்சின் திருத்துகிறவன். அப்பாவோடு வாட்டில் நிற்கக் கடை பூட்டினால் நாளுக்கு 3,000 போகும். காசுக்குப் பலன் இருக்கா? ஒன்றுவிட்டொரு நாள் கொடுத்தால் போதாதா?

பழைய மருந்தாளர்

தம்பி, பெடியன் சொன்னது பாதி சரி. சீனிக்கு வந்த மருந்துதான். ஆனால் 2019இல் வெளிவந்த டாபா-எச்எஃப் ஆய்வில் 4,744 இதயச் செயலிழப்பு நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சீனி இல்லை. அவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஏறத்தாழ 18 மாதத்தில், நோய் முற்றியவர்களும் இதயத்தால் இறந்தவர்களும் வெற்றுக் குளிசை போட்டவர்களில் 21.2 வீதம், மருந்து போட்டவர்களில் 16.3 வீதம். அதாவது 21 பேர் அவ்வளவு காலம் போட்டால் ஒருவர் இந்த இரண்டிலிருந்தும் தப்புகிறார். உங்கள் விலையில் 21 பேருக்கு 18 மாதம் என்றால் ஏழரை இலட்சம் ரூபா.

இங்கேதான் ஒரு சிக்கல். இங்கிலாந்தில் ஒரு மருந்து காசுக்குப் பெறுமதியா என்று கணக்குப் பார்ப்பவர்கள், முழு ஆரோக்கியத்தோடு கிடைக்கும் ஒரு வருடத்துக்கு 20,000 முதல் 30,000 பவுண்ட் வரை கொடுக்கலாம் என்று நெடுங்காலம் வைத்திருந்தார்கள். அங்கே குளிசைக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் ஒரே அரசுதான் காசு கட்டுகிறது. கட்டில் மிச்சமானால் அதற்குத்தான் இலாபம். உங்கள் வீட்டிலோ குளிசைக்கு நீங்கள் கட்டுகிறீர்கள், கட்டிலுக்கு அரசு கட்டுகிறது. அந்த மிச்சம் உங்கள் கைக்கு வராது.

உங்கள் கைக்கு வருவது கடை பூட்டாத நாள்தான். போன வருடம் 10 நாள், 30,000 ரூபா. இந்த மருந்து இதயச் செயலிழப்புக்கான ஆஸ்பத்திரி அனுமதியைச் சுமார் 30 வீதம் குறைத்தது, முழுதாக நிறுத்தவில்லை. ஆக 9,000 மிஞ்சலாம். குளிசைக்கு வருடம் 23,725. காசுக்குக் காசு பார்த்தால் நட்டம், ஒளிக்க மாட்டேன். மீதிக் காசு அப்பாவின் மூச்சுக்குக் கொடுப்பது. என் அப்பா என்றால் வாங்குவேன்.

ஒன்றுவிட்டொரு நாள் வேண்டாம். தினமும் போட்டவர்களிடம்தான் இந்தப் பலனைப் பார்த்தார்கள். அப்புறம், இதை வாங்குகிறோமே என்று ஸ்பைரோனோலாக்டோனை விட்டுவிடாதீர்கள். 1999இல் கடும் நோயாளிகள் 1,663 பேரில் இறப்பை 30 வீதம் குறைத்த சாமான் அது. இரத்தத்தில் பொட்டாசியம் கூடுகிறதா என்று மட்டும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

கிண்ணியாப் பிள்ளை

எங்கள் உம்மா ஒரு வருடமாகப் போடுகிறா. சிறுநீர் சோதித்தால் சீனி என்று வரும், பயப்படாதீங்க. மருந்தே சீனியைச் சிறுநீரில் தள்ளுகிறது. அதனால் அந்த இடத்தில் பங்கசு அரிப்பு வரலாம், கழுவித் துடைத்து வைக்க வேணும். வாந்தி, வயிற்றோட்டம், சாப்பாடு இறங்காத நாட்களில் நிறுத்தி டொக்டரைக் கேளுங்க. உம்மா நோன்புக்கும் கேட்டுவிட்டுத்தான் போட்டா. உப்புக் குறைக்க வேணுமே, கருவாட்டுக் குழம்பு எப்படி? எங்கள் வீட்டில் பெரிய சண்டை அதில்தான்.

திருக்கடலூரான்

நன்றி ஐயா, அக்கா. கருவாடு இன்னும் ஓடுது, என்ன செய்ய. முதல் மாதத்துக்கு 30 வாங்கிவிட்டேன். அட்டையில் இருந்த விலையைச் சுரண்டிவிட்டுத்தான் கொடுத்தேன். தெரிந்தால் அவரே ஒன்றுவிட்டொரு நாள் ஆக்கிவிடுவார்.