அட்டையில் விண்கலம், உள்ளே ஒரே வராந்தா

டிவிடி அட்டையில் மூன்று விண்கலங்கள், பற்றி எரியும் ஒரு நகரம். உள்ளே இருந்தது ஒரே ஒரு வராந்தா. நாயகன் அதில் இடமிருந்து வலமாக ஓடுவார், அப்புறம் வலமிருந்து இடமாக ஓடுவார். நீல விளக்கு எரிந்தால் கீழ்த்தளம், சிவப்பு எரிந்தால் மேல்தளம். சுவரில் துருப்பிடித்த கொக்கி ஒன்று இருந்தது. எந்தத் தளத்துக்குப் போனாலும் அதுவும் கூடவே வந்தது. பாதிப் படத்துக்கு மேல் நாங்கள் கதையை விட்டுவிட்டுக் கொக்கியைத் தேட ஆரம்பித்துவிட்டோம். விண்கலமா? கடைசிவரை தலைகாட்டவில்லை.

இப்படி ஏமாந்தவர்கள் சொல்லுங்கள். காசில்லாமல் எடுத்தும் அசரவைத்த படம் கிடைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

*

வராந்தா ஒன்றே ஒன்று என்பது குற்றமில்லை. அது கண்ணில் பட்டதுதான் குற்றம்.

'கியூப்' படத்தை நான் கேசட்டில் பார்த்தேன். 1997இல் கனடாவில் வின்சென்சோ நடாலி எடுத்தது. ஆயிரக்கணக்கான சதுர அறைகள், சிலவற்றில் கொலைப்பொறி, நடுவே மாட்டிக்கொண்ட சிலர். உண்மையில் முழுதாகக் கட்டியது 14 அடிக்கு 14 அடியில் ஒரே அறை! சுவர்ப் பலகைகளை மாற்றி நிறம் மாற்றியிருக்கிறார்கள். அது நேரம் பிடிக்கும் வேலை என்பதால், ஒரு நிறத்து அறையின் காட்சிகளை எல்லாம் சேர்த்து முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போயிருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதுதான். பார்த்த இரவில் எனக்கு அது பெரிய கட்டடமாகத்தான் இருந்தது.

படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். அறை வாசலில் மூன்று மூன்றிலக்க எண்கள் இருக்கும். பகா எண்ணோ அதன் அடுக்கோ இருந்தால் உள்ளே பொறி. இதை மனக்கணக்காகப் போட முடியாது என்று கணக்கு படிக்கும் பெண்ணே கைவிரிப்பாள். எனக்குச் சந்தேகம் வந்தது. கேசட்டை நிறுத்திவிட்டு நோட்டு எடுத்து எழுதினேன். பகா எண்களை விட்டுவிட்டால், அடுக்காக வரும் மூன்றிலக்க எண்கள் மொத்தமே 15. 121, 125, 128, 169 என்று போய் 961இல் முடிந்துவிடும். மனப்பாடமே செய்துவிடலாம்! நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, திரையில் படம் நடுங்கிக்கொண்டே நின்றது. நாடா தேய்ந்துவிடக் கூடாது என்று கொஞ்ச நேரத்தில் மெஷின் தானாகவே நிறுத்திக்கொண்டது. ஓட்டையைக் கண்டுபிடித்த பிறகும் படம் பிடித்தே இருந்தது. தியேட்டரில் பார்த்திருந்தால் இந்தச் சந்தோஷம் ஏது?

*

நான் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவேன். அட்டை மட்டும் பிடிக்கும்.

*

எனக்கு 'பிரைமர்'. 2004இல் சண்டான்ஸ் விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசு வாங்கிய படம். சுமார் 7,000 டாலரில் ஷேன் கரூத் எடுத்தார். எழுத்து, இயக்கம், இசை, படத்தொகுப்பு எல்லாம் அவரே, முக்கிய வேடமும் அவரே. 77 நிமிடம்தான். எனக்கு மூன்று மணி நேரம் ஆனது, ஏனென்றால் ரிமோட் கையைவிட்டு இறங்கவில்லை.

படத்தில் காலப்பயணம் ஒரு பெட்டிக்குள் நடக்கும். அந்தப் பெட்டியின் விதி ரொம்பப் பிடித்தது. ஆறு மணி நேரம் பின்னால் போக வேண்டுமா? ஆறு மணி நேரம் பெட்டிக்குள் படுத்திருக்க வேண்டும். பெட்டியை இயக்கிய நேரத்துக்கு முன்னால் போகவும் முடியாது. கண்ணைப் பறிக்கும் ஒளி, மின்னல் என்று எதுவும் இல்லை, அதனால் செலவும் இல்லை. காலப்பயணம் இவ்வளவு அலுப்பான வேலையாக இருக்கும் என்று எந்தப் பெரிய படமும் எனக்குச் சொன்னதில்லை.

முதல் தடவை பாதி வசனம் காதில் விழவில்லை. வசனவரியைப் போட்டு இரண்டாம் தடவை பார்த்தேன். வார்த்தை எல்லாம் புரிந்தது, கதை புரியவில்லை. மூன்றாம் தடவை யார் அசல் ஆள், யார் திரும்பி வந்த ஆள் என்று தாளில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது உள்ளே வந்த என் தங்கை தாளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். "பரீட்சை எப்போ?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அந்தத் தாள் இன்னும் டிவிடி உறைக்குள்தான் இருக்கிறது. இரண்டு கோடுகள் எங்கே சேர்கின்றன என்று இப்போதும் தெரியவில்லை.