மூளைல சிப்பு, கண்ணுல சிப்பு... கம்பெனி மூடிட்டா யார் பாத்துப்பா?

நெய்வேலி_பையன்:
மக்களே ஒரு டவுட். 2024 ஜனவரில எலான் மஸ்க்கோட நியூராலிங்க் கம்பெனி முதல் தடவையா ஒருத்தர் மூளைல சிப் வச்சாங்கல்ல, கழுத்துக்குக் கீழ அசைவில்லாத மனுஷன் மனசால நினைச்சே கம்ப்யூட்டர்ல செஸ் ஆடுனாரு, பாக்கவே சந்தோஷமா இருந்துச்சு. நாளைக்கு நல்லா இருக்கிறவங்களும் ஞாபகசக்திக்குன்னு வச்சுக்க ஆரம்பிச்சா? காசு இருக்கிறவன் பிள்ளை முன்னாடி போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க, பிரச்சனை அவ்வளவுதானா?

கதிர்_எலக்ட்ரானிக்ஸ்:
அது மட்டும் இல்ல ப்ரோ, ஆர்கஸ் 2ங்கிற செயற்கைப் பார்வைக் கருவி பத்தி படிச்சுப் பாருங்க. விழித்திரை கெட்டு பார்வை போனவங்களுக்கு கண்ணுக்குள்ள 60 எலெக்ட்ரோடு (நரம்பத் தூண்டுற குட்டி மின்முனை), கண்ணாடில கேமரா, இடுப்புல கேமரா படத்த சிக்னலா மாத்துற ஒரு பெட்டி. வெளிச்சம் எங்க, வாசல் எங்கன்னு புரியற அளவுதான், ஆனா இருட்டுலயே இருந்தவங்களுக்கு அதுவே எவ்வளவு பெருசு! 2013ல அமெரிக்கால அனுமதி கிடைச்சு, உலகம் முழுக்க 350 பேருக்கு மேல வச்சுக்கிட்டாங்க. இத செஞ்சது செகண்ட் சைட்னு கலிஃபோர்னியா கம்பெனி, 2019ல தயாரிப்ப நிறுத்திட்டு 2020ல முக்கால்வாசி ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பெட்டி கெட்டா ஸ்பேர் கிடையாது, உள்ள இருக்கிறத எடுக்கணும்னா மறுபடி ஆபரேஷன். இத நெனச்சா எனக்கு கோவம்தான் வருது.

ரேவதி_அம்மா:
எங்க வீட்லயே இது இருக்கு தம்பி. பையனுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலதான் காக்ளியர், அதான் காது கேக்க உள்ள வைக்கிற கருவி, வச்சோம், எங்க கைக்காசுல கனவுலயும் முடியாது, இப்ப போன்ல பாட்டிகிட்ட வாய் ஓயாம பேசுறான். ஆனா காதுக்கு வெளில மாட்டுற, சத்தத்த உள்ள அனுப்புற ப்ராசஸர் பழைய மாடல் ஆயிடுச்சு, புதுசுக்கு லட்சக்கணக்குல கேக்கிறாங்க, வேற கம்பெனிது உள்ள இருக்கிறதோட சேராது. ஒருநாள் ப்ராசஸரோட காயில் ஒயர் போய் சத்தமே கேக்காம கிளாஸ்ல டீச்சர் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்திருக்கான். ஏழை பணக்கார வித்தியாசம் ஆபரேஷன் அன்னைக்கு தெரியல, இப்பதான் தெரியுது.

மதுரை_வக்கீல்:
சிலி நாட்டுல 2021லயே மூளைத் தகவலுக்குப் பாதுகாப்புன்னு அரசியலமைப்பையே திருத்துனாங்க, 2023ல அங்க உச்ச நீதிமன்றம் தலைல மாட்டி மூளை அலைய படிக்கிற கருவி விக்கிற எமோடிவ்ங்கிற கம்பெனிய ஒரு முன்னாள் செனட்டரோட மூளை டேட்டாவ அழிக்கச் சொல்லுச்சு. டேட்டாவுக்கு சட்டம் போட முடியும்னா பராமரிப்புக்கும் போடலாம். விக்கும்போதே சர்வீஸுக்குன்னு தனியா பணம் கட்டி வைக்கணும், கம்பெனி மூடுனா டிசைன வேற ஆளு ரிப்பேர் பண்ற மாதிரி வெளியிடணும். மனுஷன் உடம்புக்குள்ள வைக்கிற பொருளுக்கு இதுகூட கேக்கலைன்னா எப்படி?

கதிர்_எலக்ட்ரானிக்ஸ்:
ரேவதி அக்கா, பேரண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப் எதுலயாவது இருக்கீங்களா? புது மாடலுக்கு மாறுனவங்ககிட்ட பழைய காயில் ஒயர் சும்மா கெடக்கும், மாடல் நம்பர் போட்டு கேட்டுப் பாருங்க.