வீட்டில் எலக்ட்ரானிக்ஸ் வேலை மேசை அமைப்பது: எதை முதலில் வாங்குவது, வாடகை வீட்டு எர்த்தை நம்பலாமா?

கேள்வி – கடலோர ஆசிரியை, தூத்துக்குடி

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியொன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஓம் விதியைப் பதினாறு ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வந்தும், ஒரு ரெசிஸ்டரைக்கூட என் கையால் போர்டில் பற்றவைத்ததில்லை என்பது சில மாதங்களாக மனத்தை உறுத்துகிறது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கும் இதில் ஆர்வம் வந்திருப்பதால், இருவருமாகச் சேர்ந்து கற்றுக்கொள்ள வீட்டிலேயே ஒரு வேலை மேசை அமைக்க விரும்புகிறேன்.

இருப்பது வாடகை வீடு. படுக்கையறை ஜன்னலை ஒட்டி நான்கடிக்கு இரண்டடியில் ஒரு பழைய தேக்கு மேசை இருக்கிறது. அதற்கு மேலே சுவரில் ஒரே ஒரு மூன்று துளை பிளக் பாயிண்ட். செலவுக்கு எட்டாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். செய்ய நினைப்பவை இரண்டு: நிரல் எழுதி இயக்கும் அர்டுயினோ போன்ற சிறு போர்டுகளை வைத்து மகனோடு எளிய சர்க்கியூட்டுகள் அமைப்பது; காலஞ்சென்ற என் தந்தையார் கேட்டு வந்த, நான்கு பேட்டரி போடும் டிரான்சிஸ்டர் ரேடியோவை மீண்டும் பாட வைப்பது.

கடையில் விசாரித்தபோது ஹாட் ஏர் ஸ்டேஷன் (சூடான காற்றால் பற்றவைக்கும், கழற்றும் கருவி), ஆசிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) என்று நீண்ட பட்டியல் கொடுத்தார்கள். அவற்றில் தொடக்கத்திலேயே தேவையானவை எவை? இந்தச் சுவர் பாயிண்ட்டை அப்படியே நம்பி வேலை செய்யலாமா? பற்றவைக்கப் பயன்படும் ஈயம் கலந்த கம்பியைச் சிறுவன் கையில் கொடுக்கலாமா?

பதில் 1 – பழைய பட்டறை, திருச்சி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முப்பத்தொரு ஆண்டுகள் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடை நடத்தியவன் என்ற முறையில், உங்கள் இரண்டாவது கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று துளை இருப்பதால் மட்டும் அங்கே எர்த் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் பச்சை ஒயரே இல்லாத வீடுகளையும், ஒயர் இருந்தும் எர்த் பிட் வரை போய்ச் சேராத வீடுகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன். மல்டிமீட்டரை ஏசி 750 அல்லது 600 வோல்ட் அளவில் வைத்து மூன்று அளவுகள் எடுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட் காட்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. இரண்டாவது அளவு 90, 120 என்று அலைபாய்ந்தால், அந்தத் துளை எங்கும் இணைக்கப்படாமல் அந்தரத்தில் இருக்கிறது என்று பொருள். மூன்று அளவும் சரியாக வந்தாலும், அந்த எர்த் ஆபத்து நேரத்தில் போதுமான மின்னோட்டத்தைத் தாங்குமா என்பதை மீட்டர் சொல்லாது. அதை எலக்ட்ரீஷியன் சோதிக்கட்டும். சிலர் சொல்வதைக் கேட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பைப் போட்டு நீங்களே பார்க்க வேண்டாம்.

எர்த் இல்லாத பாயிண்ட்டில் சால்டரிங் அயர்ன் (பற்றவைக்கும் சூட்டுக்கோல்) போட்டால் என்ன ஆகும் என்பதை என் கடையிலேயே அனுபவித்தேன். கடையை இடம் மாற்றிய புதிதில், அயர்னின் உலோகத் தண்டில் டெஸ்டரை வைத்தால் மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. வியர்த்த கையால் மேசையின் இரும்புக் காலையும் அயர்ன் தண்டையும் ஒருசேரத் தொட்டால் எறும்பு ஊர்வதுபோல் சுரீர் என்றது. அந்த ஒரு வாரத்தில் மூன்று போர்டுகளில் மாஸ்ஃபெட்டுகள் (எளிதில் கெடும் ஒருவகை டிரான்சிஸ்டர்) செத்தன. பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நான், கடைசியில் சுவரைத் திறந்து பார்த்தபோதுதான் எர்த் ஒயர் திருகில் மாட்டப்படாமலே மடித்து விடப்பட்டிருந்தது தெரிந்தது.

ஆகவே வீட்டு உரிமையாளரிடம் பேசி எர்த்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். கூடவே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று மெயின் போர்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபேஸ் வழியே போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியே திரும்புவதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கசிவு அந்த அளவை எட்டினால் ஒரு நொடியின் சிறு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் அதற்கு எதுவும் தெரியாது என்பதை மகனுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

மேசை மரமாக இருப்பது நல்லது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மேசைமேல் கிடத்தாமல், முன்விளிம்பில் கை எட்டும் இடத்தில் திருகிவிடுங்கள். ஏதாவது புகைந்தால் எதன்மேலும் குனியாமல் ஒரே சுவிட்சில் அணைக்க வேண்டும். சார்ஜர், கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (அதன் பவர் சப்ளைப் பெட்டி) போன்றவற்றைத் திறப்பதை முதல் ஓராண்டுக்கு ஒத்திப்போடுங்கள். 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கக்கூடும். உங்கள் ரேடியோ பேட்டரியில் ஓடுவது என்பதால் கற்றுக்கொள்ள அதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது.

பதில் 2 – போர்டு வடிவமைப்பாளர், பெங்களூரு

வணக்கம் டீச்சர். மின்சாரப் பக்கத்தை ஐயா விரிவாகச் சொல்லிவிட்டதால், நான் கருவிகளுக்கு வருகிறேன். ஆசிலோஸ்கோப்பும் ஹாட் ஏரும் இப்போது வேண்டாம். மல்டிமீட்டர், மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளை, சால்டரிங் அயர்ன் ஆகிய மூன்றிலேயே உங்கள் பணத்தின் பெரும்பகுதி போக வேண்டும்.

மஞ்சள் நிறத்தில் மிக மலிவாகக் கிடைக்கும் மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்குப் பக்கத்தில், ஃபியூஸ் இல்லை என்று ஆங்கிலத்தில் சின்னஞ்சிறு எழுத்தில் அச்சிட்டிருக்கும். பேட்டரி சர்க்கியூட்டுக்கு அது போதும். சுவர் பாயிண்ட்டை அளக்க அது கூடாது. எல்லா அளவுக்கும் ஃபியூஸ் உள்ள, 600 வோல்ட் கேட் 3 (சுவர் மின்சாரத்தை அளக்க ஏற்ற பாதுகாப்புத் தரம்) என்று குறிக்கப்பட்ட மீட்டராக வாங்குங்கள். கல்லூரி நாட்களில், மின்னோட்டம் அளந்துவிட்டுச் சிவப்பு ஒயரை ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு, அப்படியே 12 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துவிட்டேன். ஆம்பியர் துளைக்குள் கிட்டத்தட்ட மின்தடையே இல்லாததால் அது ஷார்ட் செய்ததற்குச் சமம். முனை உருகி, மீட்டருக்குள் இருந்த செப்புத் தடம் ஆவியாகிவிட்டது. அன்றிலிருந்து, மின்னோட்டம் அளந்த கையோடு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றிய பிறகே மீட்டரைக் கீழே வைக்கிறேன்.

பவர் சப்ளையில் நீங்கள் தேட வேண்டியது ஆம்பியர் எண்ணிக்கையை அல்ல, வரம்பு வைக்கும் திருகை. வோல்ட்டை 5-இல் வைத்து, மின்னோட்டத் திருகை அடிமட்டத்துக்குக் குறைத்து, வெளியீட்டு ஒயர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று தொடவிட்டு, காட்சி 50 மில்லிஆம்பியர் வரும்வரை மெல்லத் திருகுங்கள். இனி உங்கள் மகன் ஒயரைத் தவறான துளையில் குத்தி ஷார்ட் செய்தாலும், சப்ளை அதற்குமேல் ஒரு துளியும் தராது. வோல்ட் எண் சட்டென்று சரிவதைப் பார்த்தே பிழையைக் கண்டுகொள்வான். பிழை செய்யப் பயப்படாத பிள்ளைதான் விரைவாகக் கற்கிறது என்பதால், இந்த ஒரு கருவிக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். அதுவரை பொறுக்க முடியாவிட்டால் நான்கு ஏஏ பேட்டரிகள் போதும். உருளை வடிவ லித்தியம் செல்களை மட்டும் இப்போது மேசைக்குக் கொண்டுவர வேண்டாம், அவை ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

அயர்னுக்கு, 25 வாட் சோல்ட்ரான் போன்ற எளிய ஒன்றிலேயே இந்தியாவில் பலரும் தொடங்கியிருக்கிறார்கள். மூன்று முள் பிளக் கொண்டதாகப் பார்த்து வாங்குங்கள். பணம் மிஞ்சினால் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை வசதியாக இருக்கும். முனையை ரெசிஸ்டரின் காலும் போர்டின் செப்பு வட்டமும் சேரும் மூலையில் வைத்து, மனத்துக்குள் ஒன்று, இரண்டு எண்ணி, எதிர்ப்பக்கத்திலிருந்து ஈயக் கம்பியைக் கொடுங்கள். வெப்பம் சரியாக ஏறியிருந்தால் ஈயம் தானாகவே காலைச் சுற்றி ஓடி, கோயில் மணியின் தோள்போல உள்வளைந்து பளபளக்கும். அயர்ன் முனையில் ஈயத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பூசினால், அது வாழையிலையில் விழுந்த தண்ணீர்போல உருண்டு நிற்கும். பார்வைக்கு ஒட்டியிருந்தாலும் உள்ளே இணைப்பு இருக்காது. வேலை முடிந்ததும் முனையில் புது ஈயம் பூசியபடியே அணைத்துவிடுங்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் ஆசிட் வகை ஃப்ளக்ஸைப் (ஈயம் ஒட்ட உலோகத்தைச் சுத்தமாக்கும் பொருளை) போர்டில் ஒருபோதும் தொடாதீர்கள், செப்பை நாளடைவில் அரித்துவிடும்.

ரெசிஸ்டர்களை ஆயிரக்கணக்கில் வாங்க வேண்டியதில்லை. 330 ஓம், 1 கே (ஆயிரம் ஓம்), 4.7 கே, 10 கே, 100 கே ஆகியவற்றில் ஐம்பதைம்பது இருந்தாலே முதல் ஆறு மாதம் ஓடும். 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி தனக்கென ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கொள்ள, மீதி 3 வோல்ட்டுக்கு 330 ஓம் போட்டால் 9 மில்லிஆம்பியர் வரும் என்பதை உங்கள் கரும்பலகைக் கணக்கே சொல்லிவிடும். 830 துளை பிரெட்போர்டு (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பலகை) வாங்கினால், ஓரத்துப் பவர் கோடுகள் நடுவில் துண்டாகியிருக்கின்றனவா என்று மீட்டரின் பீப் ஒலியை வைத்துப் பார்த்துவிடுங்கள். பாதிப் போர்டுக்கு மின்சாரமே வராமல் ஒரு மாலை முழுவதும் தவித்தவர்கள் ஏராளம்.

பதில் 3 – உப்புக்காற்று, நாகப்பட்டினம்

கடலோரத்தில் இருப்பவன் என்பதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்வது புகைக்கு நல்லது. ஆனால் பொருள்களை அங்கேயே விட்டுவைக்காதீர்கள். உப்பு ஈரத்தில் உதிரிப் பாகங்களின் கால்கள் கருத்துப்போய் ஈயம் பிடிக்க மறுக்கும், பிரெட்போர்டின் உள்பட்டைகளும் மங்கிவிடும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாக்களில், மருந்துப் புட்டிகளோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். ஈரக்காற்றால் ஒரு நன்மையும் உண்டு. நிலைமின்சாரத் தொல்லை வறண்ட ஊர்களில் இருப்பதைவிட நமக்குக் குறைவு என்பதால், ஆன்ட்டி ஸ்டேட்டிக் மேட் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம்.

கேள்வி கேட்டவர் – கடலோர ஆசிரியை

மூவருக்கும் என் நன்றி. கேட் 3 மீட்டர் ஒன்றை வாங்கி நேற்று மாலை அளந்தேன். ஃபேஸ்–நியூட்ரல் 234 வோல்ட். ஃபேஸ்–எர்த் 104, ஒரு நிமிடம் கழித்து 87. ஐயா சொன்னதுபோலவே எர்த் அந்தரத்தில்தான் இருக்கிறது. இதே பாயிண்ட்டில்தான் இத்தனை நாளும் இஸ்திரிப் பெட்டியை வைத்து என் பிள்ளையின் சீருடையைத் தேய்த்திருக்கிறேன் என்று நினைத்தபோது கை நடுங்கியது. வீட்டு உரிமையாளர் வந்து பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியனை அனுப்பி எர்த் ஒயரும் ஆர்சிசிபியும் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டார். அதுவரை சுவர் மின்சாரத்தில் எதையும் தொடப் போவதில்லை.

ஈயம் பற்றிய ஐயம் மட்டும் இன்னும் இருக்கிறது. பேட்டரியிலேயே ரேடியோவைத் தொடங்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 4 – பழைய பட்டறை, திருச்சி

அளந்து பார்த்தது மனநிறைவைத் தருகிறது அம்மா. இஸ்திரிப் பெட்டியையும் ஞாயிறுவரை எடுக்க வேண்டாம்.

60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த 60/40 கம்பி 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190-க்குள் முழுவதும் உருகிவிடும். ஈயமோ 1,749 டிகிரியில்தான் கொதிக்கும். ஆகவே அயர்னின் வெப்பத்தில் ஈயம் ஆவியாகி மூச்சில் போகும் என்ற பயம் வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் புகை, கம்பிக்குள் இருக்கும் ரோசின் என்ற மரப்பிசினுடையது. அது மூச்சுக்குழலை உறுத்தும், தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமாவையும் கொண்டுவரலாம். சிறிய மின்விசிறி ஒன்றைப் பக்கவாட்டில், புகையை ஜன்னல் பக்கம் இழுக்கும்படி வையுங்கள். ஈயம் உடலுக்குள் போகும் வழி விரல்தான். அந்த மேசையில் தின்பண்டம், டீ எதுவும் கூடாது, கம்பியைப் பல்லில் கடிக்கக் கூடாது, எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், மேசையை உலர்ந்த துணியால் தட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஆனாலும் வளரும் பிள்ளை என்பதால், அவன் கைக்கு ஈயமில்லாத கம்பியைக் கொடுங்கள் என்றே சொல்வேன். வெள்ளீயமும் செம்பும் கலந்த வகை 227 டிகிரியில் உருகும், சற்றுக் கூடுதல் சூடு கேட்கும், இணைப்பும் அவ்வளவு பளபளக்காது. அதைப் பிழை என்று எண்ணி மறுபடி மறுபடி சூடாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேடியோவைத் தாராளமாகத் தொடங்கலாம். முதலில் பேட்டரி அறையைத் திறந்து, ஸ்பிரிங்குகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருப்பதை எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு தண்ணீர் தொட்ட துணியாலும் துடைத்துக் காயவிடுங்கள். வால்யூம் திருகை இருபது முப்பது முறை முழுதாக முன்னும் பின்னும் சுழற்றுங்கள். கரகரப்பில் பாதி அதிலேயே போய்விடும். புதிய பேட்டரி போடுமுன் எந்த முனை எங்கே என்று ஸ்டிக்கரைப் பார்த்தே போடுங்கள், ஏனெனில் பழைய ரேடியோக்கள் சிலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பொது இணைப்பாக இருக்கும். ஒலியைக் குறைத்து வைத்து, ஒரு பேட்டரிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே மீட்டரை மில்லிஆம்பியரில் செருகிப் பாருங்கள். சில பத்து மில்லிஆம்பியருக்குள் இருந்தால் நல்ல அறிகுறி. நூறைத் தாண்டினால் உடனே எடுத்துவிட்டு, போர்டின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து இங்கே போடுங்கள். தலை உப்பிய கெப்பாசிட்டர் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.