உப்புவெளி: மாரிக் காலையில் ஸ்டார்ட் ஆகாத ஏடிவி

நாலு சில்லு ஏடிவி ஒன்று காலையில் உயிர் பிடிக்க மாட்டேன் என்கிறது. ஹொண்டா டிஆர்எக்ஸ் 250 ரீகன், 2008 மொடல், பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேட்டர் உள்ள வண்டி, காற்றில் குளிரும் இஞ்சின். திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் வலை, பெட்டி இழுக்கத்தான் ஓடுகிறது.

கார்த்திகையில் மழை தொடங்கியதிலிருந்து இந்தக் கூத்து. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், இஞ்சின் பிடிக்காது. காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டுகிற சோக்கை முழுக்க இழுத்தால் சில நேரம் பிடிக்கும், சோக்கைத் தள்ளின உடனே நின்றுவிடும். வெயில் ஏறி ஒருமுறை சூடாகிவிட்டால் பின்னேரம் வரை ஒரு பிரச்சினையும் இல்லை. மழையில்லாத நாளில் தொல்லை குறைவு.

பிளக் புதிது, கழற்றிப் பார்த்தால் நீலப் பொறி வருகிறது. பழைய பெற்றோலை வடித்து 92 ஒக்டேன் ஊற்றினேன். ஏர் ஃபில்டர் கழுவிக் காயவைத்தாயிற்று. டவுனில் ஒரு கராஜில் காபரேட்டரைக் கழற்றி பெற்றோல் வருகிற சின்னத் துளைகளான இரண்டு ஜெட்டும் ஊதினார்கள். இரண்டு நாள் சரி, அப்புறம் பழையபடி. பற்றரி நிற்கும்போது 12.6 வோல்ட், சுற்றும்போது 10.5.

கனடாவில் இருக்கிற மச்சான் மெல்லிய ஒயில் போடு, இஞ்சின் ஹீட்டர் பூட்டு என்கிறார். மைனஸ் 20 இல் ஒயில் தடித்து பற்றரி சோரும் ஊருக்கு அது சரி. இங்கே தை மாதத்திலும் 23, 24 பாகைக்குக் கீழே போவது அரிது. எனக்கென்னவோ உப்புக் காற்றும் ஈரமும்தான் சந்தேகம்.

வால்வ் இடைவெளியை இன்னும் பார்க்கவில்லை. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற கொயில், பிளக் மூடி, காபரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவில் உள்ள றப்பர் எல்லாம் பழையவைதான்.

இதே மாதிரி வண்டி வைத்திருக்கிற அண்ணாமார், இவற்றில் எதை முதலில் கழற்றிப் பார்க்கலாம்?