யஷிகா கமராவில் எடுத்த படம் எல்லாம் வெள்ளை, உதவி தேவை

திருமலைப்பொடியன்:
வணக்கம். புறக்கோட்டையில் பழைய யஷிகா கமரா ஒன்று வாங்கினேன். ஒரு றோல் போட்டு கோணேசர் கோயிலடி, கோட்டைக்குள் மான்கள், டச் பே கடற்கரை எல்லாம் எடுத்துக் கழுவக் கொடுத்தால் படம் முழுக்க வெள்ளையாக வந்திருக்கிறது. ஷட்டர் அடிக்கிறது, சத்தம் கேட்கிறது. திருகோணமலையில் திருத்துகிற ஆள் யாரும் இருக்கிறாரா? சனிக்கிழமை அக்காவின் மகளுக்குப் பிறந்தநாள். கெதியாகச் சொல்லுங்கோ.

கடற்கரைவீதி:
தம்பி, எந்த யஷிகா? யஷிகா மட் மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கிறது, எஃப்.எக்ஸ் 3 லென்ஸ் கழற்றிப் போடுகிறது, எலெக்ட்ரோ 35 பற்றரியை நம்பி ஓடுகிறது. மூன்றுக்கும் வெவ்வேறு வருத்தம். என்ன பிலிம், ஏ.எஸ்.ஏ. (பிலிமின் வெளிச்ச உணர்வு எண்) எதில் வைத்தீர்கள், பற்றரி போட்டீர்களா, ஒன்றையும் சொல்லவில்லையே.

உப்புவெளி35:
பற்றரிதான். எலெக்ட்ரோவாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதற்கு முந்தி வந்தது 5.6 வோல்ற் மேர்க்குரி பற்றரி, இப்போது கிடைக்காது. எல்லாரும் 6 வோல்ற் 4எல்ஆர்44 வாங்கி ஸ்பிரிங் வைத்துச் செருகுகிறார்கள், வெளிச்ச மீற்றர் பிழையாக அளக்கிறது. முதலில் பற்றரியை மாற்றுங்கோ.

மனையாவெளி:
லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தீர்களா? நூல் மாதிரிப் பூஞ்சணம் ஓடியிருந்தால் படம் மங்கி வெளிறித்தான் வரும். எங்கள் ஊர்க் காற்றில் பூஞ்சணம் பிடிக்காத பழைய லென்ஸை நான் கண்டதில்லை.

பழையஒளி:
இங்கே கேள்வி கேட்பவர்கள் முதலில் கேட்கப் பழக வேண்டும். "வெள்ளை" என்றால் எது வெள்ளை? பிரிண்டா, நெகட்டிவா, போனில் வந்த படமா? இது தெரியாமல் பற்றரி, பூஞ்சணம் என்று பதில் சொல்வது வைத்தியர் நாடி பிடிக்காமல் மருந்து எழுதுகிற வேலை. நெகட்டிவை, அதாவது கழுவின பிலிமை, கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடியும். அதில் கறுப்பாக இருப்பதுதான் படத்தில் வெள்ளையாக வரும். கட்டங்கள் கறுத்திருந்தால் பிலிமில் வெளிச்சம் கூட விழுந்திருக்கிறது. கட்டமே இல்லாமல் ஒரே செம்மஞ்சளாகத் தெளிந்திருந்தால் வெளிச்சம் விழவேயில்லை. ஓரத்தில் தொழிற்சாலை பதித்த எழுத்தும் எண்ணும் தெரிகிறதா என்றும் பாரும். அவை தெளிவாக இருந்தால் கழுவினவர் மேல் பிழையில்லை. ஓரமும் சேர்ந்து கறுத்திருந்தால் கமராவின் பின்கதவால் வெளிச்சம் போயிருக்கிறது, அல்லது யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். படித்து அறிந்த பிறகு திருத்துகிற ஆளைத் தேடலாம்.

திருமலைப்பொடியன்:
எலெக்ட்ரோ 35 ஜி.எஸ்.என். பிலிம் 200, ஏ.எஸ்.ஏ.யும் 200இல்தான் வைத்தேன். பற்றரி விற்றவரே போட்டுத் தந்தார், பின்பக்கப் பொத்தானை அமத்தினால் பச்சை லைற் எரிகிறது. நெகட்டிவ் என்னிடம் இல்லை, படத்தைப் போனுக்குத்தான் அனுப்பினார்கள்.

கடற்கரைவீதி:
நெகட்டிவை வாங்காமல் வராதீர்கள். இன்றைக்கே கேளுங்கோ, சிலர் ஸ்கான் பண்ணியதும் எறிந்துவிடுகிறார்கள்.

உவர்மலைவாசி:
ஜி.எஸ்.என். என்றதும் எனக்கு அநேகமாக விளங்கிவிட்டது. உப்புவெளி அண்ணா, பற்றரி செத்திருந்தால் எலெக்ட்ரோ என்ன செய்யும்? எல்லாப் படத்தையும் 1/500 செக்கனில் அடிக்கும். அப்போது படம் இருட்டாக வர வேண்டும், வெள்ளையாக அல்ல. 5.6க்கும் 6க்கும் உள்ள வித்தியாசத்தால் றோல் முழுக்க வெளிறாது, ஏராளம் பேர் 6 வோல்ற்றில் ஒழுங்காக எடுக்கிறார்கள்.
தம்பி, கமராவைக் காதோடு பிடித்து பிலிமை நகர்த்துகிற லீவரை இழுங்கோ. இழுத்து முடிகிற நேரம் உள்ளே "டொக்" என்று ஒரு கனத்த சத்தம் வர வேண்டும். வராவிட்டால் உள்ளே ஒரு சின்ன றப்பர் துண்டு உக்கிப் போயிருக்கிறது. இந்தக் கமராக்களுக்கு வருகிற பேர்போன வருத்தம் அது. அந்தத் துண்டு கரைந்தால் ஷட்டரைக் கட்டுப்படுத்துகிற பாகம் தன் இடத்துக்குத் திரும்பாது, ஷட்டர் வேண்டியதைவிடக் கூடுதல் நேரம் திறந்திருக்கும். நீங்கள் வாங்கின மொடல் 1973இல் வந்தது, றப்பர் எவ்வளவு காலம் தாங்கும்?

உப்புவெளி35:
பற்றரி செத்தது என்று நான் சொல்லவில்லை, வோல்ற் கூட என்றேன்.

உவர்மலைவாசி:
வோல்ற் கூடினாலும் இவ்வளவு வெளிறாது என்பதுதான் என் பதில்.

மனையாவெளி:
றப்பரோ பற்றரியோ, லென்ஸைப் பார்க்கச் சொன்னதை ஒருவரும் கவனிக்கவில்லை. பூஞ்சணம் இருந்தால் நல்ல வெயிலில் இரண்டு நாள் வையுங்கோ, செத்துவிடும்.

பழையஒளி:
வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கிற எண்ணெய் இளகி ஷட்டர் பிளேடில் ஓடும், பசை விடும். பூஞ்சணம் செத்தாலும் அது கண்ணாடியை அரித்த தடம் போகாது. இதை எத்தனை தரம் எழுதுவது?

மனையாவெளி:
என் அப்பாவின் கமராவை அப்படித்தான் காப்பாற்றினோம். மாரியில் அரிசிப் பானைக்குள் வைப்போம், இன்றும் லென்ஸ் பளிங்கு.

கடற்கரைவீதி:
அரிசித் தூள் ஷட்டருக்குள் போகும் மனையாவெளி. மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும், ஜெல்லை இடைக்கிடை சூடாக்கி ஈரம் போக்க வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை மட்டும் இங்கே காற்றே ஈரம். அதைவிடப் பெரிய எதிரி அந்தத் தோல் உறை. பார்க்க அழகுதான், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு கமராவுக்குக் கொடுக்கும். அலுமாரிக்குள் உறையோடு வைத்த கமராவை வாங்கவே கூடாது.

மனையாவெளி:
தோல் உறையில்லாமல் கமராவை எப்படிக் கொண்டு திரிவது?

கடற்கரைவீதி:
கொண்டு திரியலாம், அதற்குள் வைத்து மூடத்தான் கூடாது.

திருமலைப்பொடியன்:
நெகட்டிவ் கிடைத்தது. கட்டங்கள் கறுப்பு, ஓரம் தெளிவு, எழுத்தும் தெரிகிறது. லீவரை இழுத்தால் டொக் வரவில்லை.

உவர்மலைவாசி:
அப்ப றப்பர்தான். கழற்றி மாற்றலாம், ஆனால் மேல்மூடியைத் திறக்க வேண்டும், உள்ளே மெல்லிய வயர்கள் இருக்கின்றன, பழக்கமில்லாத கை போடக் கூடாது. சனிக்கிழமைக்கு முடியாது. அதுவரை ஒரு வழி: பற்றரியைக் கழற்றிவிடுங்கோ, ஷட்டர் எப்போதும் 1/500இல் ஓடும். 200 பிலிமுக்குக் கடற்கரை வெயிலில் லென்ஸ் திறப்பை எஃப் 8க்கும் 11க்கும் நடுவில் வையுங்கோ, எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும். வெளியே மட்டும் எடுங்கோ, மரநிழலில் எஃப் 2.8 வரை திறக்க வேண்டிவரும். வீட்டுக்குள் கேக் வெட்டுவதற்கு போன்தான்.

பழையஒளி:
பற்றரி இல்லாமல் எடுத்து அந்த நெகட்டிவ் ஒழுங்காக வந்தால் லென்ஸும் கதவும் நல்லவை என்பதும் தெரிந்துவிடும். விற்றவரிடம் அந்த நெகட்டிவைக் காட்டிக் கேளும், டொக் சத்தம் பார்க்காமல் எலெக்ட்ரோ விற்பவரையும் வாங்குபவரையும் இப்போதுதான் பார்க்கிறேன்.

திருமலைப்பொடியன்:
பற்றரி கழற்றிவிட்டேன். நன்றி அண்ணாமார்.

உப்புவெளி35:
தம்பி, அந்தப் பற்றரி எத்தனை வோல்ற் என்று எழுதியிருக்கிறது?