ஃபேஸ்புக் விளம்பரத்துல ஆர்டர் குறைஞ்சு போச்சு, ரூட்டை மாத்தணுமா இல்ல இன்னும் பொறுக்கணுமா?

காங்கேயம்_செக்கு:

எல்லாருக்கும் வணக்கமுங்க. காங்கேயத்துக்குப் பக்கத்துல வாகை மரச்செக்கு ரெண்டு வச்சு ஓட்டறோம், தேங்காண்ணெ, கடலெண்ணெ, நல்லெண்ணெ மூணும் ஆட்டறோம், மூணு வருஷமாச்சு. கடைன்னு தனியா கிடையாது, ஆரம்பத்துல இருந்தே ஃபேஸ்புக், இன்ஸ்டா விளம்பரத்த நம்பித்தான் யாவாரம். அதப் பார்த்துட்டு வாட்ஸப்ல கேப்பாங்க, கூரியர்ல அனுப்புவோம். மாசம் 20,000 ரூபா விளம்பரத்துக்குப் போடறேன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால அந்தப் பணத்துக்கு 250 ஆர்டர் வந்துச்சு, ஒரு ஆர்டருக்கு 80 ரூபா கணக்கு. போன மாசம் 87 ஆர்டர்தான் வந்துருக்கு, அப்ப 230 ரூபா ஆகுது. சராசரியா ஒருத்தரு மூணு லிட்டர் வாங்கறாரு, லிட்டருக்கு கைல நிக்கறது 60 ரூபான்னு வச்சாலும் 180 தான், ஒவ்வொரு ஆர்டருக்கும் கைக்காசு போகுதுங்க.

விலையக் குறைக்கவும் வழியில்ல. ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு ரெண்டே கால், ரெண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு போகுது, புண்ணாக்கு வித்து வர்ற காசுலதான் கரண்டு பில்லு கட்டறோம்.

வீட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. சம்சாரம் விளம்பரத்தையே நிறுத்துங்கறாங்க, அண்ணன் பையன் இன்ஸ்டால பெரிய ஆளுக யாரையாவது புடிச்சு ரீல்ஸ் போடச் சொல்லலாங்கறான், மச்சான் அமேசான்ல போடுங்கறாரு. நானும் ரெண்டு மாசமா நாலு நாளைக்கு ஒருக்கா வீடியோவ மாத்திப் பார்த்துட்டேன், ஆள் வயச மாத்தினேன், ஊர மாத்தினேன், ஒண்ணும் புடிபடல. மாத்தறதுக்கு நேரம் வந்துருச்சா இல்ல இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கணுமான்னு எதை வச்சு முடிவு பண்றீங்க நீங்கெல்லாம்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கோவை_ஆட்ஸ்:

அண்ணா, பத்துப் பதினஞ்சு சின்ன கம்பெனிகளுக்கு விளம்பரம் ஓட்டிக் குடுக்கறேன், அதனால சொல்றேன். நாலு நாளைக்கு ஒருக்கா மாத்தினேன்னு எழுதியிருக்கீங்களே, முதல்ல அத நிறுத்துங்க. ஒரு ஆட் செட் (இன்ன ஆளுகளுக்கு, இவ்வளவு காசுன்னு பிரிச்சு வைக்கற விளம்பரத் தொகுதி) நிலைக்கு வர்றதுக்கு வாரத்துக்கு சுமார் 50 ரிசல்ட், அதாவது விளம்பரம் பார்த்து வர்ற மெசேஜ் மாதிரி, வேணும்னு ஃபேஸ்புக்கோட கம்பெனி மெட்டாவே சொல்லுது, அதுவரைக்கும் இருக்கற காலத்துக்குப் பேரு லேர்னிங். நீங்க வீடியோவையோ ஆளையோ மாத்தறப்பல்லாம் அது மறுபடி முதல்ல இருந்து படிக்க ஆரம்பிக்கும், ரெண்டு மாசமா உங்க விளம்பரம் அரிச்சுவடியத் தாண்டவே இல்ல. எத்தனை ஆட் செட் ஓடுது? நாலு அஞ்சுன்னு பிரிச்சு வச்சிருந்தா ஒண்ணுக்கும் தேவையான ரிசல்ட் கிடைக்காது, ஒண்ணா சேர்த்துருங்க.

அப்புறம் அந்த 20,000க்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி போகுதே, அதச் சேர்த்தா 23,600. ஜிஎஸ்டி நம்பர் இல்லாதவங்களுக்கு அது முழுச் செலவுதான், அப்ப ஒரு ஆர்டருக்கு 230 இல்ல, 271.

முக்கியமா ஒண்ணு கேக்கணும். ஆர்டர் 250ல இருந்து 87க்கு வந்துருச்சு சரி, வாட்ஸப்ல விசாரிச்சு வர்ற மெசேஜ் எத்தனை? அப்ப எத்தனை, இப்ப எத்தனை? மெசேஜும் அதே அளவுக்கு விழுந்திருந்தா விளம்பரம் பழசாயிருச்சுன்னு அர்த்தம், ஃப்ரீக்குவென்சி பாருங்க, ஒரே ஆளு ஒரே வீடியோவ நாலஞ்சு தடவ பார்த்திருப்பான், சலிச்சுப் போயிருக்கும். மெசேஜ் விழாம ஆர்டர் மட்டும் விழுந்திருந்தா விளம்பரத்துல கோளாறே இல்ல, அது வந்து சேர்ற இடத்துலதான் ஏதோ இருக்கு. இது தெரியாம ரீல்ஸுக்குப் போனாலும் அமேசானுக்குப் போனாலும் அதே ஓட்டையத் தூக்கிட்டுத்தான் போவீங்க.

பொள்ளாச்சி_மசாலா:

மேல தம்பி சொன்னதோட இதையும் சேர்த்துப் பாருங்க. நாங்க சாம்பார் பொடி, ரசப்பொடி, இட்லிப் பொடி பண்றோம், ஒன்பது வருஷமா. எங்களுக்கும் இதே மாதிரி ஒரு காலம் வந்துச்சு. அப்ப நான் பண்ணது ஒண்ணே ஒண்ணுதான், பழைய பில் புக்க எடுத்து வச்சு, போன் நம்பர வச்சு, ஒரு தடவ வாங்கினவங்கள்ல எத்தனை பேரு திரும்ப வாங்கியிருக்காங்கன்னு ராத்திரி உக்காந்து எண்ணினேன். எண்ணெயும் மசாலாவும் மாசா மாசம் தீர்ற சாமான். முதல் ஆர்டர்ல 271ல 180 போக 90 ரூபா கைக்காசு போனாலும் அந்த ஆளு வருஷத்துக்கு ஏழெட்டு தடவ வாங்குனா அது நஷ்டமே இல்ல, திரும்ப வரவே இல்லன்னா அந்த 90 ரூபா நஷ்டந்தான்.

சிக் ஷாம்பு ஞாபகம் வருது. அதோட முதலாளி ரங்கநாதன் 1983ல 15,000 ரூபாய வச்சு ஆரம்பிச்சாரு. எந்தக் கம்பெனி ஷாம்புவா இருந்தாலும் சரி, அஞ்சு காலி பாக்கெட் கொண்டாந்து குடுத்தா ஒரு சிக் பாக்கெட் இலவசம்னாரு. சனம் வாங்கித் தலைக்குப் போட்டுப் பார்த்தாங்க. சில மாசம் கழிச்சு அந்தத் திட்டத்தையே மாத்தி, சிக் காலி பாக்கெட்டக் கொண்டாந்தாத்தான் இலவசம்னு ஆக்கினாரு. நடந்துட்டு இருந்த திட்டந்தான், நல்லா ஓடிட்டும் இருந்துச்சு, அதோட வேலை முடிஞ்சுதுன்னு தெரிஞ்சதும் அடுத்ததுக்கு நகர்ந்துட்டாரு பாருங்க. நாமெல்லாம் யாவாரம் படுத்த பின்னாடிதான் மாத்தறதப் பத்தியே யோசிக்கறோம், அதுவும் பதட்டத்துல. உங்க விளம்பரத்தோட வேலை புது ஆளக் கூட்டிட்டு வர்றது மட்டும்தான். வந்தவங்கள வச்சுக்கறதுக்கு மூணு வருஷத்துல என்ன பண்ணியிருக்கீங்கன்னு யோசிங்க, இதக் குத்தமா சொல்லல, நாங்களும் ரொம்ப நாள் பண்ணாம இருந்தோம்.

இளம்பிள்ளை_சேலை:

அண்ணா நான் இளம்பிள்ளைல சேலை யாவாரம். மத்தவங்க சொன்ன கணக்கு எனக்கு அவ்வளவா தெரியாது, ஆனா ஒரே இடத்த நம்பி இருக்கீங்களே அதான் எனக்குப் பயமா இருக்கு. நான் டிக்டாக்லதான் சேலைய விரிச்சுக் காட்டி வீடியோ போட்டுட்டு இருந்தேன், லாக்டவுன் நேரம், நல்லா போச்சு. 2020 ஜூன் 29ஆம் தேதி ராத்திரி தடை பண்ணிட்டாங்க. என்னைப் பார்த்துட்டு இருந்த அத்தனை பேரும் ஒரே ராத்திரில போயிட்டாங்க, நம்பர் வாங்கி வச்சிருந்தது அறுபதோ எழுபதோதான். அந்த அறுபது எழுபது பேர வச்சுத்தான் மறுபடி எழுந்தேன்.

அதுல இருந்து ஒவ்வொரு பார்சல்லயும் சேலைக்கு மேல ஒரு துண்டுச் சீட்டு வைப்பேன், "இந்த நம்பர உங்க போன்ல பதிஞ்சுக்கோங்க, புதுச் சேலை வந்தா அனுப்பறேன்"னு கையால எழுதி. ஏன்னா வாட்ஸப் பிராட்காஸ்ட்ல (ஒரே சேதிய பல பேருக்கு ஒரே நேரத்துல அனுப்பறது) ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேரு, அதுலயும் நம்ம நம்பர சேவ் பண்ணவங்களுக்குத்தான் போய்ச் சேரும். இப்ப லிஸ்ட் ஏழு ஓடுது. விளம்பரம் போடறேன் தான், ஆனா நாளைக்கு அது நின்னு போனாலும் அடுப்பு எரியும்.

இன்னொண்ணு, மாத்தறதுன்னா ஒரேடியா மாத்தாதீங்க. நான் நடுவுல ஒரு தடவ பெரிய ஆன்லைன் கம்பெனி ஒண்ணுல சேர்ந்துட்டு மத்ததெல்லாம் நிறுத்திட்டேன், கமிஷனும் ரிட்டர்னும் போக கைல ஒண்ணும் நிக்கல, மடிப்புக் கலைஞ்சு பவுடர் வாசத்தோட திரும்பி வந்த சேலைய மறுபடி புதுசுன்னு விக்க மனசு வரல. நாலுல ஒரு பங்கு காச எடுத்து புது இடத்துல போட்டுப் பாருங்க, மூணு பங்கு பழைய இடத்துலயே இருக்கட்டும்.

காங்கேயம்_செக்கு:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. நாலு நாளா இதே வேலையா இருந்தேன், அதான் உடனே பதில் போடல.

முதல்ல மெசேஜ் கணக்கு. அப்ப மாசம் கிட்டத்தட்ட 600 பேரு விசாரிச்சிருக்காங்க, போன மாசம் 520. பெருசா விழவே இல்லீங்க. கோவைத் தம்பி சொன்ன மாதிரி விளம்பரம் அதோட வேலையச் செஞ்சுட்டுத்தான் இருக்கு. அப்புறம் போன எடுத்து வச்சு ஒவ்வொரு பேச்சா படிச்சேன். முன்னாடி யாராவது "விலை என்ன"ன்னு கேட்டா சம்சாரம் வாய்ஸ்ல பதில் சொல்லுவாங்க, எந்த ஊருங்க, வீட்டுல எத்தனை பேரு, மாசத்துக்கு எவ்வளவு ஆகும்னு பேசுவாங்க, அன்னைக்கு செக்குல எள்ளு ஓடிட்டு இருந்தா கருப்பட்டி போடறத வீடியோ எடுத்து அனுப்புவாங்க. தீபாவளிக்கு முன்னால அவங்களுக்கு கை வலி வந்துச்சு, அண்ணன் பையன் தானா பதில் போற மாதிரி செட் பண்ணிக் குடுத்தான். இப்ப "விலை?"ன்னு வந்தா ஒரு விலைப்பட்டியல் படம் போகுது, அடியில "கூரியர் தனி"ன்னு இருக்கு, அதுக்கப்புறம் எதிர்ல ஒரு வார்த்தை கிடையாது. ஒண்ணு ரெண்டு இல்ல, நூத்துக்கணக்குல அப்படியே கிடக்கு. கூரியர் காசும் அப்பத்தான் தனியா வாங்க ஆரம்பிச்சோம், சென்னைக்கு மூணு லிட்டர்னா 150 ரூபா.

அடுத்து பில் புக்கு. நல்லா ஓடின ரெண்டு மாசத்த மட்டும் எடுத்தேன். விளம்பரம் பார்த்துப் புதுசா வந்தவங்க 412 பேரு, அதுல திரும்ப வாங்கினது 131. மனசு விட்டுப் போச்சு. ஆனா சம்சாரம் ஊர் ஊரா பிரிச்சுப் பாருங்கன்னாங்க, திருப்பூர், கோவை, ஈரோடு மூணும் சேர்த்து 150 பேருல 83 பேரு திரும்ப வாங்கியிருக்காங்க, மத்த ஊரெல்லாம் சேர்த்து 262 பேருல 48 பேருதான். தூரத்துக்குப் போன பாட்டில்ல மூடி கசிஞ்சு பார்சலே எண்ணெயாகிப் போனதா வந்த போட்டோக்களும் அந்தப் பக்கம்தான் அதிகம்.

இப்ப இப்படிப் பண்ணலாம்னு இருக்கோம். தானா போற பதில எடுத்துட்டோம், மக காலேஜ் முடிச்சு வீட்டுலதான் இருக்கா, காலையில பத்து மணி வரைக்கும் சாயங்காலம் ஆறுக்கு மேல அவளும் அம்மாவும் மாத்தி மாத்திப் பேசுவாங்க. நாலு ஆட் செட்ட ஒண்ணாக்கி இந்த மூணு ஊருக்கு மட்டும் 15,000, ஒரு மாசத்துக்குத் தொடறதில்ல. மிச்சம் 5,000 பெட்ரோலுக்கு. வெள்ளிக்கிழமை திருப்பூர், சனிக்கிழமை கோவைன்னு நம்ம ஓம்னி வண்டியிலயே கொண்டு போய்க் குடுத்துட்டு வர்றது, கூரியர் காசு இல்லாம. அடுத்த மாசம் 30ஆம் தேதி கணக்கு எழுதி இங்கேயே போடறேன். மூணு ஊருல மட்டும் 120 ஆர்டர் வரலன்னா அப்ப மச்சான் சொன்ன வழியப் பாப்போம்.

ஒரு சந்தேகம். வீட்டுக்கே போய்க் குடுக்கறப்ப பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம்னு தோணுது, எவர்சில்வர் கேன்ல குடுத்து காலி கேன திரும்ப வாங்கிக்கலாமா? யாராவது பண்றீங்களா?

பொள்ளாச்சி_மசாலா:

எங்க பக்கத்து ஊருல ஒருத்தர் பண்றாரு. கேனுக்கு முன்பணம் வாங்கிக்கறாரு, திரும்பக் குடுத்தா அடுத்த பில்லுல கழிச்சுடறாரு. கேன் மூடியில பெயிண்ட்ல நம்பர் போட்டுக்கோங்க, அதே நம்பர பில் புக்குல அவங்க பேருக்கு நேரா எழுதுங்க. கழுவி வெயில்ல நல்லா காய வச்சு, ஈரம் துளி இல்லாமத்தான் மறுபடி ஊத்தணும், இல்லன்னா எண்ணெய் சீக்கிரம் காறிப் போயிரும். காலி கேன வாங்கப் போறப்பவே அடுத்த ஆர்டர் கைல வந்துரும்னு சொல்லுவாரு அவரு.

கோவை_ஆட்ஸ்:

அண்ணா அந்த 120ங்கறது சரியான கணக்குத்தான், தேதியும் போட்டுட்டீங்க, நல்லது. ஆனா அந்த மாசத்துக்குள்ள ஆடி ஆஃபர், பண்டிகைன்னு எதுவும் இடையில வந்தா பெரிய கம்பெனிக எல்லாம் விளம்பரத்துல காச இறக்குவாங்க, ரேட் ஏறும், அதப் பார்த்து நடுவுல கை வைக்காதீங்க. வாரா வாரம் மெசேஜ் எத்தனை, அதுல ஆர்டர் எத்தனைன்னு ரெண்டே ரெண்டு நம்பர் மட்டும் காலண்டர்ல எழுதிட்டு வாங்க. 30ஆம் தேதி பாத்துக்கலாம்.